பின் சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆனால்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை டிராக்கில் மட்டும் ஓட்டுவதற்காக மாற்றி அமைத்திருக்கிறேன். பின் சீட், ஸ்டெப்னி, தரை விரிப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரோல் கேஜும் (கவிழ்ந்தால் காக்கும் குழாய்க் கூண்டு) செமி ஸ்லிக் டயரும் (பள்ளக்கோடு குறைந்த, பிடிப்பு மிகுந்த டயர்) போட்டாயிற்று. பின்பக்க டிரம்மை எடுத்துவிட்டு, பழைய உதிரிபாகக் கடையில் கிடைத்த 38 மி.மீ. பிஸ்டன் காலிப்பருடன் (பேட் எனும் உராய்வுக் கட்டையை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) டிஸ்க் பொருத்தினேன். முன்பக்கத்தில் இருப்பது 51 மி.மீ. ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர். நான் உட்கார்ந்த நிலையில் எடை பார்த்தபோது முன்பக்கம் 540 கிலோ, பின்பக்கம் 340 கிலோ இருந்தது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை அழுத்தினால் வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக விலகுகிறது. சென்ற முறை சுழன்றேவிட்டது. பட்டறையில் கேட்டால், “பின் பிரேக் அருமையாகப் பிடிக்கிறது, டயர்தான் சரியில்லை” என்கிறார்கள். டயரை மாற்ற வேண்டுமா? (வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: டயரை மாற்ற வேண்டாம். பட்டறைக்காரர் சொன்னதில் முதல் பாதி முழு உண்மை: பின் பிரேக் அருமையாகப் பிடிக்கிறது. கோளாறே அதுதான்.

பிரேக்கை அழுத்தும்போது காரின் எடை முன்னால் சாய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை கிலோ சாய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள்தான் குறைவு. மொத்த எடையை எடை மையத்தின் உயரத்தால் பெருக்கி வீல்பேஸால் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) வகுத்தால், 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான) வேகக்குறைப்பில் பின்னாலிருந்து முன்னால் போகும் எடை கிடைத்துவிடும். உங்கள் வண்டி 880 கிலோ. எஸ்டீமின் வீல்பேஸ் 2,365 மி.மீ.; எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 880 × 0.5 ÷ 2.365, அதாவது 186 கிலோ. செமி ஸ்லிக் டயர் சூடேறிய பிறகு உலர்ந்த தார்ப்பரப்பில் 1 ஜி அளவுக்கு நிறுத்தும் பிடிப்பைத் தரும் என்பதால், நீங்கள் உச்சமாகப் பிரேக் போடும் அந்த நொடியில் முன் சக்கரங்களின் மேல் 726 கிலோவும் பின் சக்கரங்களின் மேல் வெறும் 154 கிலோவும் நிற்கின்றன. நூற்றுக்கு 82க்கும் 18க்கும் பக்கம். பிரேக்கின் வேலையும் ஏறத்தாழ இதே விகிதத்தில் பிரிந்தால்தான் நான்கு டயர்களும் ஒரே நேரத்தில் தம் எல்லையைத் தொடும்.

உங்கள் வண்டியில் அது எப்படிப் பிரிகிறது? முன்னும் பின்னும் ஒரே அழுத்தத்தில் ஆயில் போகிறது, ஒரே வகைப் பேட் இருக்கிறது, டயர் அளவும் ஒன்று என்று கொண்டால், பிஸ்டனின் பரப்பை டிஸ்க்கின் செயல் ஆரத்தால் பெருக்கினால் போதும். செயல் ஆரம் என்பது டிஸ்க்கின் மையத்திலிருந்து பேட்டின் நடுப்பகுதி வரையுள்ள தூரம்; டிஸ்க்கின் வெளிவிளிம்பு வரை அளந்துவிட்டுக் கணக்குத் தப்பாகிறது என்பவர்கள் உண்டு. நீங்கள் அனுப்பிய அளவுகளின்படி முன்னால் 10 செ.மீ., பின்னால் 11 செ.மீ. 51 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 20.4 சதுர செ.மீ., 38 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 11.3 சதுர செ.மீ. பெருக்கிப் பார்த்தால் முன்னால் 204 பங்கு, பின்னால் 125 பங்கு. நூற்றுக்கு 62க்கு 38. எடையில் 18 பங்கு மட்டுமே தாங்கி நிற்கும் சக்கரங்களிடம் 38 பங்கு வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த அமைப்பில் 0.65 ஜி அளவிலேயே பின் சக்கரங்கள் லாக் ஆகிவிடும், அதாவது உருளாமல் நின்று வழுக்கும். மீதிப் பிடிப்பு டயரில் அப்படியே இருந்தும் உங்களுக்குப் பயன்படவில்லை.

லாக் ஆன சக்கரம் பக்கவாட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலுவை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிடுகிறது. முன் சக்கரம் லாக் ஆனால் ஸ்டியரிங் கேட்காது, வண்டி நேராக ஓடும். பெடலைச் சற்றுத் தளர்த்தினால் திரும்பக் கைக்கு வந்துவிடும். பின் சக்கரம் லாக் ஆனாலோ, சிறு சாய்வு கிடைத்தால் போதும், பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். அதைத் திருத்த ஓட்டுநருக்குக் கிடைப்பது அரை நொடிகூட இல்லை. இதனால்தான் பயணிகள் கார்களுக்கான ஐ.நா. பிரேக் விதி 13-எச், 0.15 முதல் 0.8 ஜி வரை எந்த வேகக்குறைப்பிலும் முன் சக்கரமே முதலில் எல்லையைத் தொட வேண்டும் என்று வைத்திருக்கிறது. உற்பத்தியாளர் பல மாதங்கள் சோதித்துப் பெற்ற அந்த ஏற்பாட்டை, நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஸ்பானரை எடுத்துக் கலைத்துவிடுகிறோம். டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடுவதில் தவறில்லை, டிஸ்க் சூட்டைத் தாங்கும். ஆனால் எந்த அளவு பிஸ்டன் என்று கேட்காமல், கிடைத்த காலிப்பரைப் போடுவதுதான் தவறு. அதோடு சீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றியதால் பின்பக்கம் முன்பைவிட லேசாகியிருக்கிறது, நல்ல டயர் போட்டதால் முன்னால் சாயும் எடை கூடியிருக்கிறது. நீங்கள் செய்த மாற்றம் ஒவ்வொன்றும் பின் பிரேக்கைக் குறைக்கச் சொல்கிறது, நீங்கள் கூட்டியிருக்கிறீர்கள்.

இனி, செய்ய வேண்டியது. பின் காலிப்பரை 30 மி.மீ. பிஸ்டன் உள்ளதாக மாற்றுங்கள். அதன் பரப்பு 7.07 சதுர செ.மீ.தான், அந்த ஒரு மாற்றத்திலேயே விகிதம் 72க்கு 28 ஆகிவிடும். அடுத்து, உங்கள் வீல் இடம் கொடுக்குமானால் முன்பக்கம் செயல் ஆரம் 11.5 செ.மீ. வரும்படி பெரிய டிஸ்க்கும், உராய்வெண் 0.5 அளவுள்ள டிராக் பேட்டும் போட்டு, பின்னால் 0.4 அளவுள்ள சாதாரணப் பேட்டையே விட்டுவைத்தால், விகிதம் 79க்கு 21. பின் சக்கரம் லாக் ஆகும் எல்லை 0.65 ஜியிலிருந்து 0.92 ஜிக்கு உயர்ந்துவிடும். மிச்சமிருக்கும் சிறு இடைவெளியை, பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வைத்துச் சரிசெய்யலாம். 62க்கு 38 என்ற நிலையில் இருக்கும் வண்டியை வால்வை மட்டும் திருகிக் காப்பாற்றப் பார்ப்பது, அளவு தெரியாமல் தைத்த சட்டைக்குப் பொத்தானை மாற்றித் தைப்பது போன்றது.

ஒன்று சொல்ல மறந்தேன். முன்னால் நாலு பிஸ்டன் காலிப்பர் போட்டால் பிடிப்பு இரண்டு மடங்காகும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எதிரெதிரே பிஸ்டன் உள்ள காலிப்பரில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். 38 மி.மீ. பிஸ்டன் நாலு என்றால் கணக்குக்கு வருவது இரண்டு, 22.7 சதுர செ.மீ.; உங்களிடம் இப்போது இருக்கும் 51 மி.மீ. ஒற்றைப் பிஸ்டனைவிடப் பத்தில் ஒரு பங்குதான் அதிகம். அது வளையாத உடலுக்காகவும், பேட் சீராகத் தேய்வதற்காகவும் வாங்கத்தக்கது, பயஸுக்காக, அதாவது முன்–பின் பிரேக் பங்கீட்டுக்காக, அன்று.

கேள்வி: என்னுடையதும் முன் சக்கர இயக்கக் கார். பின் பிரேக்கைக் குறைக்க, கையால் திருகும் புரபோர்ஷனிங் வால்வு ஒன்று வாங்கியிருக்கிறேன். இரண்டு பின் பைப்பையும் ஒரு டி-யில் (மூன்று வாய் இணைப்பில்) சேர்த்து இந்த வால்வு வழியாக விடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். சரிதானா? (வாசகர், ஈரோடு)

பதில்: டி போடுவதற்கு முன் உங்கள் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை அழுத்தினால் தன் இரண்டு அறைகளிலிருந்தும் ஆயிலைத் தள்ளும் பாகம்) கிளம்பும் பைப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுக்கொண்டே சக்கரம் வரை போய்ப் பாருங்கள். முன் சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலானவை குறுக்கு இணைப்பு கொண்டவை: ஓர் அறை இடது முன் சக்கரத்தையும் வலது பின் சக்கரத்தையும் இயக்கும், மற்றோர் அறை வலது முன் சக்கரத்தையும் இடது பின் சக்கரத்தையும். ஒரு பைப் வெடித்தாலும் ஒரு முன் சக்கரமும் ஒரு பின் சக்கரமும் கைவசம் இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. இரண்டு பின் பைப்பையும் டி-யில் சேர்த்த மறுகணம் இரண்டு தனிச் சுற்றுகளும் ஒன்றாகிவிடுகின்றன. அப்புறம் எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. இந்தத் தவறைச் செய்த வண்டிகளைப் பட்டறைகளில் நானே பார்த்திருக்கிறேன். ஓட்டியவர்களுக்குத் தங்கள் பிரேக் அப்படி இருக்கிறது என்பதே தெரியாது, ஏனென்றால் கசிவு வரும் நாள்வரை பெடல் நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு பின் பைப்புக்கும் தனித்தனி வால்வு வைத்து இரண்டையும் ஒரே அளவில் திருகுவது ஒன்று. இடமும் வலமும் சிறிது வேறுபட்டாலும் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் இதில் பொறுமை வேண்டும். மற்றொன்று, பைப்புகளை மாற்றி ஓர் அறை முன் சக்கரங்கள் இரண்டுக்கும், மற்றோர் அறை பின் சக்கரங்கள் இரண்டுக்கும் போகும்படி அமைத்து, பின் சுற்றில் ஒரே வால்வு வைப்பது. டிராக் வண்டிக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் குறுக்கு இணைப்புக்கான மாஸ்டர் சிலிண்டரின் ஓர் அறை ஒரு முன் காலிப்பருக்கும் ஒரு பின் சக்கரத்துக்கும் போதுமான ஆயிலைத் தள்ளும் அளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். இரண்டு முன் காலிப்பர்களையும் அதன் தலையில் கட்டினால் பெடல் நீளமாக இறங்கக்கூடும். பெடல் பாதிக்கு மேல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற வேண்டும்.

வால்வு செய்வது என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது பின் அழுத்தத்தைத் தொடக்கத்திலிருந்தே குறைப்பதில்லை. ஒரு திருப்பு அழுத்தம் வரை முன்னும் பின்னும் சமமாகவே போகும்; அதற்கு மேல்தான் பின் அழுத்தம் மெதுவாக ஏறும். திருப்பு அழுத்தம் 30 பார் (அழுத்தத்தின் அலகு), அதற்குமேல் பாதி விகிதம் என்றால், முன்னால் 60 பார் இருக்கும்போது பின்னால் 45 பார் இருக்கும். நீங்கள் குமிழைத் திருகும்போது மாறுவது அந்தத் திருப்பு அழுத்தம்தான். முன் பைப்பில் இந்த வால்வை ஒருநாளும் வைக்காதீர்கள். கம்பெனி பொருத்திய வால்வு பின் ஆக்சிலிலோ மாஸ்டர் சிலிண்டரின் அடியிலோ இருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் இதை வைக்க வேண்டும். இரண்டும் வரிசையாக இருந்தால், குமிழில் எதைத் திருகினீர்கள் என்பது உங்களுக்கே புரியாது.

கேள்வி: என் ஸ்விஃப்ட்டில் ஏபிஎஸ் மேடுபள்ளத்தில் குறுக்கிடுகிறது என்று அதன் பியூஸைப் பிடுங்கிவிட்டு டிராக்கில் ஓட்டினேன். ஏபிஎஸ் இல்லாத பழைய கார்கள் ஓடவில்லையா? ஆனால் என் வண்டி பிரேக்கில் முன்பைவிட மோசமாக ஆடுகிறது. (வாசகர், திருப்பூர்)

பதில்: பழைய கார்களில் ஏபிஎஸ் இல்லை, ஆனால் பின் அழுத்தத்தைக் குறைக்கும் இயந்திர வால்வு இருந்தது. ஏபிஎஸ் வந்த பிறகு அந்த வேலையை, பின் சக்கரத்தின் வேகம் முன் சக்கரத்தைவிடச் சிறிது குறைகிறதா என்று பார்த்துப் பின் பைப்பை மூடித் திறக்கும் இபிடி என்ற மென்பொருளிடம் கொடுத்துவிட்டு, பல கார்களில் வால்வையே எடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், நீங்கள் பியூஸைப் பிடுங்கியபோது ஏபிஎஸ்ஸோடு முன்–பின் சமநிலையையும் சேர்த்தே பிடுங்கிவிட்டீர்கள். டாஷ்போர்டில் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்திருந்தால் வண்டி உங்களிடம் இதைத்தான் சொன்னது. பியூஸைத் திரும்பப் போடுங்கள். ஏபிஎஸ் தேவையற்ற இடத்தில் குறுக்கிடுவதற்கு, தேய்ந்த ஷாக் அப்சார்பரோ முன்னும் பின்னும் வேறுபட்ட சுற்றளவுள்ள டயரோ காரணமாக இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: கணக்குப் போட்டு எல்லாம் மாற்றியாகிவிட்டது. சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? மழை பெய்தால் என்ன செய்வது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: முன், பின் காலிப்பர்களின் பிளீட் நிப்பிள் (ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றும் திருகு) துளையில் திருகும் அழுத்தமானிகள் இரண்டு வாங்குங்கள். வண்டி நிற்கும்போதே பெடலை அழுத்தி, முன்னால் 20, 40, 60 பார் காட்டும்போது பின்னால் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டால், வால்வின் நடத்தை தாளில் வந்துவிடும்.

ஓடும் சோதனையை டிராக்கின் அனுமதியோடு, இருபுறமும் வெறும் இடம் உள்ள நேர்ப்பாதையில் செய்யுங்கள். வால்வை, பின் பிரேக் மிகக் குறைவாக இருக்கும் பக்கம் திருகி வைத்துத் தொடங்க வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் முன் சக்கரம் லாக் ஆகும்வரை அழுத்துங்கள். பக்கத்தில் பாதுகாப்பான தூரத்தில் ஒருவர் சக்கரங்களைக் கைப்பேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடிக்கட்டும், ஏனென்றால் எது முந்தியது என்பது உள்ளே இருப்பவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. பிறகு குமிழைக் கால் சுற்று, கால் சுற்றாகப் பின் பிரேக் கூடும் பக்கம் திருப்பி, பின் சக்கரம் முந்தும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு சுற்று பின்வாங்கி நிறுத்துங்கள். அதற்குப் பிறகுதான் 80, 100 என்று வேகத்தைக் கூட்ட வேண்டும். எதிர்த்திசையில், பின் பிரேக் அதிகமாக இருக்கும் நிலையிலிருந்து தொடங்குபவர்கள் சோதனையின் முதல் ஓட்டத்திலேயே விடையைத் தெரிந்துகொள்வார்கள், புல்வெளியில் இருந்தபடி.

பேட் சூடேறாமல் செய்த சோதனைக்கு மதிப்பில்லை. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நண்பர் ஒருவரின் வண்டி முதல் சுற்றில் மட்டும் பின்னால் ஆடும், மூன்றாம் சுற்றிலிருந்து சாதுவாகிவிடும். வால்வைத் திருகித் திருகி ஒரு காலை முழுவதும் வீணாக்கினோம். முன்னால் சூட்டில் மட்டுமே பிடிக்கும் பந்தயப் பேட், பின்னால் குளிரிலேயே பிடிக்கும் சாலைப் பேட். முன்பக்கம் சூடேறும்வரை பயஸ் பின்னால் இருந்தது, அவ்வளவுதான். வால்வைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு, முதல் சுற்றில் பெடலை விட்டு விட்டு அழுத்திப் பேட்டைச் சூடாக்கச் சொன்னதும் தீர்ந்தது.

மழையில் கணக்கு மாறுகிறது. டயர் 0.5 ஜிக்கு மேல் தராது என்றால் முன்னால் சாயும் எடையும் பாதியாகிவிடும். முதல் கேள்வியில் வந்த வண்டியில் அது 93 கிலோ, முன்–பின் எடை 72க்கு 28. ஆக, மழையில் பயஸைச் சிறிது பின்னால் கொண்டுபோகலாம். உலர்ந்த நாளின் அமைப்பை அப்படியே விட்டால் முன் சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும், பின் டயர் சும்மா உருளும். வால்வு வைத்த வண்டியில் மழை நாளின் மென்மையான அழுத்தம் பெரும்பாலும் திருப்பு அழுத்தத்துக்குக் கீழேயே இருப்பதால் பாதி வேலை தானாக நடந்துவிடுகிறது. இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களும் நடுவே பேலன்ஸ் பாரும் உள்ள பெடல் பாக்ஸ் போட்டிருந்தால் அப்படி இல்லை. பேலன்ஸ் பார் எல்லா அழுத்தத்திலும் ஒரே விகிதத்தில்தான் பிரிக்கும், எனவே மழை வந்ததும் நீங்களே திருக வேண்டும். வெயிலில் எத்தனை சுற்று, மழையில் எத்தனை சுற்று என்பதைக் குமிழுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்து எல்லோரும் ஓடும் நேரத்தில் நோட்டுப்புத்தகம் கையில் இருக்காது.

கேள்வி: பின்னால் டிரம்மையே வைத்துக்கொண்டு பிடிப்பைக் குறைக்க வழி உண்டா? (வாசகர், சேலம்)

பதில்: உண்டு, செலவும் குறைவு. டிரம்முக்குள் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரை ஓர் அளவு சிறியதாக மாற்றுங்கள். 17.46 மி.மீ. விட்டத்துக்குப் பதில் 15.87 மி.மீ. போட்டால் பரப்பு ஆறில் ஒரு பங்கு குறையும், பின் பிரேக்கும் அந்த அளவுக்குக் குறையும். பின் ஷூவைத் தளர்வாக வைத்துக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வது தவறு. அதனால் பெடல் நீளமாகுமே தவிர விகிதம் மாறாது.

கேள்வி: இப்படி மாற்றிய வண்டியை டிராக்குக்குச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகலாமா? (வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் அமைப்பிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. அது ஒருபுறம் இருக்க, டிராக் பேட் குளிரில் பிடிக்காது என்று மேலே எழுதியிருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் காலை ஆறு மணிக்கு உங்கள் முன்னால் லாரி நின்றால் அந்தப் பேட் குளிராகத்தான் இருக்கும். டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.